பக்கத்து சீட்டு பிரேக்

செருப்பு காலில் இல்லை என்பதை என் கால் எனக்குச் சொல்லவில்லை. காரில் உட்கார்ந்திருந்த பெண்தான் சொன்னாள். "அக்கா, இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாகத் தார் ரோட்டில் நிற்கிறது. அக்னி நட்சத்திர வெயில். மாமல்லபுரத்தில் அந்த நேரத்துக்கு நாய்கூட நிழலை விட்டு வெளியே வராது. எனக்குச் சுடவில்லை. திரும்பிப் பார்த்தேன், டீக்கடை வாசலில் செருப்பு அது பாட்டுக்குக் கிடந்தது.

என் பெயர் மல்லிகா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். பெரும்பாலும் பெண்கள்தான் என்னிடம் வருவார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து சீட்டில் என் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஸ்டியரிங் அவர்கள் கையில், வண்டி என் காலில். சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்கள் பறக்கிற இந்த ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு கீறல் விழாமல் இத்தனை பெண்களைக் கரை சேர்த்த கால் என்று எனக்கு அதன் மேல் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு. அந்தக் காலுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

அதற்கு முந்தின வாரம் கடப்பாக்கத்தில் ஒரு கல்யாணம். சாப்பாட்டில் என்ன இருந்ததோ, வந்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. அது நின்றது, பாதத்தில் மரமரப்பு ஆரம்பித்தது. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் சத்துக் குறைவு என்று ஊசி போட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். "வேளாவேளைக்கு சாப்பிடறியா நீ? வண்டியிலயே குடும்பம் நடத்துற" என்று என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். அவர் பெயர் சேகர், கல்பாக்கம் பக்கம் ஷிஃப்ட் வேலை. மறுநாள் காலை பாத்ரூமில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. சத்தம் போட்டேன். அவர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "இன்னாடி இது, காலு தொங்குது?"

அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என் வயதுதான் இருக்கும் அந்த நரம்பு டாக்டரம்மாவுக்கு. ரப்பர் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். நல்ல கால் என்றால் தட்டியதும் துள்ள வேண்டும். என் கால் கேட்காத மாதிரி இருந்தது. இன்னொரு தடவை தட்டினார். "என் கையை இறுக்கிப் பிடிங்க" என்றார். என் பிடியைப் பார்த்து அவர் முகம் மாறியது. உடனே அட்மிஷன் என்றார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கால், கை நரம்புகளில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து, அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தார்கள். அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் சேகர் உட்கார்ந்து தன் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தது கதவு திறக்கிறபோதெல்லாம் தெரிந்தது. தனக்கும் வந்துவிட்டதா என்று பார்க்கிறார் மனுஷன். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

வந்த நோய்க்கு வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பெயர். ஜி.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். டாக்டரம்மா சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது. காரில் ஒயர் மேல் ரப்பர் உறை இருக்கும் இல்லையா, நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. வயிற்றுக்குள் புகுந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தக் காவல், ஆள் அடையாளம் தெரியாமல் அந்த உறையையே கடித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. உறை போனால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது.

"இது கீழேருந்து மேல ஏறும்மா" என்றார். "கால், இடுப்பு, கை. அதோட நின்னுட்டா நல்லது. நெஞ்சுக்கு ஏறினா மூச்சு விடற தசையும் அசந்துடும். அப்ப மெஷின் வெச்சுதான் மூச்சு குடுக்கணும். அதனாலதான் ஐ.சி.யு.ல வெச்சுப் பாக்கப் போறோம்."

"எப்ப நிக்கும் டாக்டர்?" என்று சேகர் கேட்டார்.

"அது நம்ம கையில இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை அந்த அம்மா. அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

ஐ.சி.யு.வில் மருந்து ஏற்றினார்கள். பல பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதமாம் அது, வெறி பிடித்த காவலை அடக்கும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்த சேகர் என்னிடம் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆவட்டும் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். நன்றாக இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எவ்வளவு தூரம் போக முடிகிறதோ எண்ண வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் நெஞ்சுத் தசை அசருகிறது என்று அர்த்தம். குறைந்துவிடுமோ என்ற பயத்தில் நான் நடுவில் சில எண்களைத் தாண்டி எண்ண ஆரம்பித்தேன். எனக்கே தெரிந்தது. நர்ஸுக்கும் தெரிந்தது.

"எண்ண மாட்டேன். வேற இன்னா வேணா சொல்றேன்" என்றேன்.

டாக்டரம்மா யோசித்தார். "ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்லணும். மாத்தக் கூடாது."

மாறாமல் எனக்கு வருவது ஒன்றுதான். முதல் நாள் பாடம். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இழுத்து மூச்சை வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன்: "சீட்ட இழு, கண்ணாடியப் பாரு, பெல்ட்ட போடு, நியூட்ரல்ல கீதா பாரு, சாவிய போடு, கிளட்ச அமுக்கு, ஃபர்ஸ்ட் போடு, ஹேண்ட் பிரேக்க எறக்கு, கிளட்ச மெதுவா வுடு." வண்டி கிளம்பிவிட்டது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "நானும் உங்ககிட்ட கத்துக்கறேன்" என்றார்.

அடுத்த நாள் வண்டி கிளம்பவில்லை. ஃபர்ஸ்ட் கியரோடு மூச்சு தீர்ந்தது. சாயங்காலம் சாவியோடு தீர்ந்தது. பார்க்க வந்த சேகர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். நான் "சாவிய" என்று சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி கிடந்தேன். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். "கிளட்ச அமுக்கு... ஃபர்ஸ்ட் போடு..." கல்யாணமான நாளாக வீட்டில் கேட்டுக் கேட்டு அவருக்கும் மனப்பாடம். கண்ணீர் அது பாட்டுக்கு வழிகிறது, துடைக்காமல் கடைசி வரை சொல்லி முடித்தார். சண்டைக்காரி நான், அந்த மனுஷனை எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன். அன்றைக்கு அவர் கையைப் பிடிக்க ஆசைப்பட்டேன், என் கை எழவில்லை.

அதற்கடுத்த தடவை "பெல்ட்ட" என்றதோடு சரி. தொண்டையில் எச்சில் இறங்க மறுத்தது. தொண்டைக்குள் விடுகிற குழாயும் மூச்சு மெஷினும் வைத்த டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் தலைமாட்டில் நிறுத்தினார்கள். சேகரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். "மெஷின்னா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. ஓடிக் களைச்சவங்களுக்கு உட்கார நாற்காலி குடுக்கற மாதிரி" என்றார் டாக்டரம்மா. எனக்கு அந்த நாற்காலி வேண்டாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்த மூச்சு ஏது?

அடுத்த முறை கேட்டார்கள். பெல்ட்ட. அதற்கடுத்த முறையும் பெல்ட்ட. நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தார், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி. "பெல்ட்ட போடு." ஒரு சொல் கூடியது. ஒரே ஒரு சொல். அன்றைக்கு டிராலி அங்கேயே நின்றது, மறுநாளும் நின்றது. பிறகு வேறொருவர் கட்டிலுக்கு அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் யாரோ, நல்லா இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

உயிர் தங்கியது. கை மெல்ல மெல்ல வந்தது, சோற்றைப் பிசைகிற அளவுக்கு. கால் வரவில்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு தினமும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். உறை மறுபடி வளரும், நிதானமாகத்தான் வளரும் என்றார் டாக்டரம்மா. நிறைய பேர் பழையபடி நடக்கிறார்களாம், சிலருக்குப் பலவீனம் நின்றுவிடுமாம். "நான் நிறைய பேரா, சில பேரா?" என்று கேட்டேன். "பயிற்சியை விடாதீங்க" என்றார். அது பதிலா?

இந்த நாட்களில்தான் ரசியா வந்து ஒட்டிக்கொண்டாள். கோவளத்துப் பெண். என்னிடம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. ஆபீஸ்களுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுக்கிறாள், அதற்காகத்தான் ஓட்டவே படித்தாள். ஆனால் லைசென்ஸ் பீரோவில் தூங்கியது, சோறு இன்னும் ஷேர் ஆட்டோவில்தான் போனது. கேட்டால், "பயமா கீதுக்கா" என்பாள். நோன்புக் கஞ்சி மாதிரி பூண்டும் வெந்தயமும் போட்டுக் குழையக் காய்ச்சிக்கொண்டு வந்து, எனக்கு ஊட்டிவிட்டு, வார்டு ஆட்களிடம் சண்டை போட்டுப் போர்வையை மாற்றச் சொல்லிவிட்டுப் போவாள்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயிற்சிக்கு மட்டும் வாரத்தில் சில நாள் செங்கல்பட்டுக்கு வர வேண்டும். சேகருக்கு லீவு தீர்ந்தது. என் வண்டி வாசலில் சும்மா நிற்கிறதே என்று, அதை ஓட்ட ஒரு ஆக்டிங் டிரைவரை வைத்தார். என்னைத் தூக்கி ஏற்றி இறக்க ரசியா கூட வருவாள். மதியச் சோற்றை அனுப்பிவிட்டு ஓடி வருவாள் பாவம்.

அதே சமயம் வண்டியை விற்கிற பேச்சும் வீட்டில் ஆரம்பமானது. "காலு வந்தா வேற வாங்கிக்கலாம் மல்லி" என்றார்.

"வந்தாவா?" என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காலில்லாத டிரைவிங் டீச்சரை எங்கே வைத்துக்கொள்வது? வண்டி போனால் நானும் போனேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஆக்டிங் டிரைவர் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுகிற ஆள். என் வண்டி! பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் திருக்கழுக்குன்றம் தாண்டுகிறபோது வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாத்த, கிளட்ச் பிளேட்டு உங்க வூட்டு சொத்தா?" என்றேன்.  நான் பயிற்சி முடித்து வெளியே வந்தால் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மனுஷன் பஸ் ஏறிப் போயிருக்கிறார். சேகர் ஷிஃப்டில், போன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாயால் வந்ததுதான் இது.

ரசியா வீல்சேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அய்யோ, என்னியப் பாக்காதக்கா."

"லைசென்ஸ் கீதுல்ல?"

"ஒரு வருஷமா தொடல. நீ பிரேக் புடிப்பியா?"

"புடிக்க காலு எங்க கீது?"

என்னைப் பக்கத்து சீட்டில் ஏற்றினாள். என் கால்களை எடுத்து உள்ளே வைத்தாள், பிரேக்குக்கு முன்னால் இரண்டு மூட்டை மாதிரி இருந்தன. கிளம்புகிறபோதே வண்டி இரண்டு தடவை நின்றது. கொளவாய் ஏரியைத் தாண்டும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. கதவுப் பிடியை இறுக்கியதில் மணிக்கட்டு வலித்தது. அவள் நெற்றியிலிருந்து வேர்வை ஸ்டியரிங்கில் சொட்டியது.

சந்தை மாடுகள் நடந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு ஷேர் ஆட்டோ திடீரென்று குறுக்கே வந்து நின்றது. ரசியா பார்த்தாள். பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கால் நகரவில்லை. என் மூளை அமுக்கு அமுக்கு என்று கத்துகிறது, என் காலும் நகரவில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் இருந்த அம்மா எங்களைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ரசியா, பிரேக்கு!"

அமுக்கினாள். ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனார். நான் அவளைத் திட்டினேன், ஆட்டோக்காரர் எவ்வளவோ மேல். "பாத்துகினுதானே இருந்த? ஏன்டி புடிக்கல?"

அவள் அழுதுகொண்டே கத்தினாள். "நீ புடிப்பன்னு வெயிட் பண்ணேன்! எப்பவும் நீதான புடிப்ப? டெஸ்ட் அன்னிக்கும் நீதானக்கா ஓட்டின, நான் ஸ்டியரிங்க புடிச்சிகினு இருந்தேன். அவ்ளோதான்."

 பின்னால் ஹாரன் அடித்தார்கள். என்னிடம் படித்து லைசென்ஸ் வாங்கி இன்றுவரை வண்டியைத் தொடாத பெண்கள் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். பயந்தாங்கொள்ளிகள் என்றுதான் அவர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சரி. இன்னிக்கு என்கிட்ட பிரேக் இல்ல" என்றேன். "உன் காலு மட்டும்தான் கீது. ரெண்டு பேரும் அதுலதான் வூடு போய்ச் சேரணும். வண்டிய எடு."

மெதுவாகப் போனோம். நான் சொல்வதை முன்கூட்டியே சொல்ல வேண்டியிருந்தது. அமுக்குகிறவளுக்கு ஆபத்து பக்கத்தில் வந்தால் போதும், சொல்கிறவளுக்கு அது தூரத்திலேயே தெரிய வேண்டும். "அந்த ஸ்கூட்டர்காரன் திரும்புவான் பாரு", "பஸ்ஸு நின்னா பின்னாடிருந்து ஆள் வரும்". என் மூச்சு இன்னும் குட்டைதான், நீட்டி முழக்க முடியாது. ஒரு கட்டத்தில் எனக்கு இளைத்தது, நான் நிறுத்திவிட்டேன். அவளே, "நாய் படுத்துகினு கீது, சுத்திப் போறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். வீடு வந்ததும் இரண்டு பேரும் இறங்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதோம்.

கேட்ட சேகர் குதித்தார். "காலு போனது போதாதா, உசுரும் போணுமா?" நியாயம்தான். ஆனால் அடுத்த தடவையும் ரசியாவேதான் ஓட்டினாள். அதற்கடுத்த தடவையும். போகப் போக நான் பேசுவது குறைந்தது. அவள் என் காரிலேயே சோற்றுப் பாத்திரங்களை ஏற்றி, வழியில் இறக்கிவிட்டு, அப்புறம் என்னைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனாள். கோவளத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள், லைசென்ஸைப் பீரோவில் வைத்திருந்தவர்கள், பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். திரும்பும்போது ஆளுக்குக் கொஞ்ச தூரம் ஓட்டினார்கள். நான் அசையாத காலோடு பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் சொல்லிக்கொடுக்காததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இவ்வளவு நன்றாக எனக்குச் சொல்லிக்கொடுக்க வரும் என்று எனக்கே தெரியாது. சந்தோஷமாக இருந்தது. பயிற்சி அறையில் கால் மட்டும் அசையவே இல்லை. தொடையில் ஒரு துடிப்பு வரும், போகும். அதை நம்பி ஆடவும் முடியாது, அழவும் முடியாது.

வண்டியை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. "சாயங்காலம் பாக்க வராங்க, சீக்கிரம் வந்துடு" என்று அன்றைக்குக் காலையில் சேகர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று ரசியாவும் நானும் மட்டும்தான் திரும்பி வந்தோம்.  பூஞ்சேரி கூட்டுரோட்டுக்கு முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ் நின்றிருந்தது. அதன் முன்னாலிருந்து ஒருவர் செல்போனைப் பார்த்தபடி ரோட்டில் இறங்கினார். ரசியா முன்னமே பார்த்துவிட்டாள், வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வெட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் அணைந்தது. என் நெற்றி டேஷ்போர்டைத் தொட்டுவிட்டு வந்தது. இறங்கியவர் ஒன்றும் தெரியாமல் ரோட்டைத் தாண்டிப் போனார்.

"இன்னாக்கா நீ! நான்தான் பாத்துகினு கீறேனே, நீ எதுக்கு அமுக்குற?" என்று ரசியா கத்தினாள். கத்தியவள் சட்டென்று நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கீழே பார்த்தோம். என் வலது பாதம் பிரேக் மேல் இருந்தது. அடி வரை அமுக்கியிருந்தது.

பின்னால் ஹாரன் சத்தம். ரசியா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள், சிரிக்கிறாள், என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. "அக்கா, காலு... அக்கா, காலு..." என்கிறாள். ஹாரன் இன்னும் பலமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருகினாள். எஞ்சின் வந்தது, வண்டி நகரவில்லை.

"அக்கா, கால எடு. வண்டி எடுக்கணும்."

எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அமுக்க வந்த காலுக்கு எடுக்க வரவில்லை.

"எனக்கு எடுக்கத் தெரியலடி" என்றேன்.

ரசியா குனிந்தாள். இரண்டு கையாலும் என் பாதத்தைப் பிடித்துத் தூக்கி, பிரேக்கிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை எடுத்தாள்.